எட்டுப் பேர் மேசை

எங்கள் ஊரில் எனக்கு ஒரு பேர் உண்டு: அவன் வாயில் பொய் வராது. ஏரித் தண்ணீர் முறை வைப்பதில் தகராறு என்றாலும், வரப்பை எவன் வெட்டினான் என்ற வழக்கானாலும், கடைசியில் என்னைக் கூப்பிட்டு, "நீ சொல்லு, ஒன் வாயால சொன்னா நம்பறோம்" என்பார்கள். நானும் தொண்டையைக் கனைத்துக்கொண்டு சொல்வேன். அந்தப் பேரை நான் எங்கள் பாகூரில் கெடுத்துக்கொள்ளவில்லை. சிங்கப்பூர் வரை விமானத்தில் போய், அங்கிருந்து ஒரு சொகுசுக் கப்பலில் ஏறி, ஏழு நாள் கடலில் இருந்து கெடுத்துக்கொண்டேன். ஊருக்கு இது தெரியாது. தெரிந்தவள் என் மனைவி ஒருத்திதான். அவள் சாகும் வரை சொல்ல மாட்டாள். அதனால் நான்தான் எழுத வேண்டியிருக்கிறது.

எனக்கு அறுபது முடிந்த வருஷம் அது. புறவழிச் சாலைக்கு எங்கள் கரும்பு நிலத்தில் ஒரு துண்டு போயிருந்ததால் கையில் பணம் இருந்தது. சொந்தக்காரர்கள் மண்டபம் பிடித்து அறுபதாம் கல்யாணம் செய்துகொள்ளச் சொன்னார்கள். மாலை போட்டுக்கொண்டு தலையில் தண்ணீர் ஊற்றிக்கொள்வதை எல்லோரும்தான் செய்கிறார்கள். இந்தக் கொம்யூன் பஞ்சாயத்தில் எவனும் செய்யாததைச் செய்ய வேண்டும் என்ற கொழுப்பு எனக்கு இருந்தது. "நாங்க கப்பல்ல போறோம்" என்று அறிவித்தேன்.

"நாகப்பட்டினத்துலேருந்து இலங்கைக்குப் போவுதே, அதுவா?" என்றான் என் மச்சான். அவனுக்கு விளக்கிச் சொல்ல நான் மெனக்கெடவில்லை.

புதுச்சேரி டவுனில் ஒரு பயண ஏஜென்சிக்குப் போனேன். அங்கே மேசையில் இருந்த பெண்ணுக்கு இருபத்தைந்து வயசு இருக்கும். எங்கள் ஊருக்குப் பக்கத்து மடுகரைக்காரப் பெண். என் பேச்சைக் கேட்டதுமே, "எங்க வூட்லயும் கரும்புதான் சார்" என்று சிரித்தாள். நான் எவ்வளவு செலவழிக்கத் தயார் என்று தெரிந்ததும் சாதாரண கப்பல்களின் தாள்களையெல்லாம் ஒதுக்கி வைத்துவிட்டு, இரண்டு தடிப் புத்தகங்களை எடுத்து வைத்தாள். ஒன்றுக்கு நீல அட்டை, இன்னொன்றுக்குப் பழுப்பு அட்டை. இரண்டும் வேறு வேறு கம்பெனி, இரண்டும் சிங்கப்பூரில் கிளம்பி மலேசியா, தாய்லாந்து என்று சுற்றி அங்கேயே திரும்பி வருபவை. விலையிலும் பெரிய வித்தியாசம் இல்லை.

நாங்கள் ஒரு புது விதைநெல் வாங்குவதென்றால், அதைப் போட்டவன் வயலில் போய் நின்று, கதிரைக் கையில் உருவிப் பார்த்து, பூச்சி அடித்ததா, காற்றுக்குச் சாய்ந்ததா என்று நாலு கேள்வி கேட்ட பிறகுதான் வாங்குவோம். கப்பலுக்கும் அதே வழிதான் எனக்குத் தெரிந்தது. எங்கள் தெருக்கோடியில் ஒரு சொல்தா இருந்தார். பிரெஞ்சு ராணுவத்தில் வேலை பார்த்து ஓய்வுபெற்றவர்களை எங்கள் பக்கம் சொல்தா என்றுதான் சொல்வோம். என்னைவிட ஐந்தாறு வயது மூத்தவர். பிரான்சில் இருந்தபோது மனைவியோடு இரண்டு முறை இந்த மாதிரிக் கப்பலில் போனவர். இரண்டு புத்தகத்தையும் கொண்டுபோய் அவர் முன்னால் விரித்தேன்.

அவர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு வெகுநேரம் பார்த்தார்.

"இந்தப் பழுப்பு இருக்குதே, இதுல ரூமு பெருசு. ஒனக்குன்னு ஒரு ஆளு, பட்லர். துணிய மடிச்சு வெப்பான், சோத்த ரூமுக்கே கொண்டாந்து ஒண்ணு ஒண்ணா வெப்பான். ஏழு நாளும் ஒருத்தன் மூஞ்சியப் பாக்காம இருந்துக்கலாம்" என்றார். "நீலத்துல ரூமு கொஞ்சம் சின்னது. ஆனா சாப்பாட்டு மேச இருக்குது பாரு, எட்டுப் பேரு உக்கார்ற மேச. தெனம் புதுசு புதுசா ஆளுங்களோட உக்கார வெப்பான். கப்பல்ல அதாம்பா விசேஷம். எங்க வூட்டுக்காரி அங்க பாத்த ஒரு ஸ்பெயின்காரியோட இன்னும் போன்ல பேசிக்கினு கீது."

"அப்ப நீலமா?"

"தங்கச்சிக்கு நீலந்தான் புடிக்கும்" என்றார், என் மனைவியை நினைத்துக்கொண்டு.

அவர் அப்படிச் சொன்னதும் எனக்கு உள்ளுக்குள் சுருக்கென்றது. காரணம் அவர் வீட்டிலேயே நடந்தது.

அதற்கு முந்தின வருஷம் அவர் மகன் பிரான்சிலிருந்து வந்திருந்தான், கூட இரண்டு வெள்ளைக்கார நண்பர்கள். எங்களை மத்தியானச் சாப்பாட்டுக்கு அழைத்திருந்தார்கள். பீங்கான் தட்டு, முள்கரண்டி, கத்தி, மடித்த துணி. என் மனைவி உட்காராமல் என் நாற்காலிக்குப் பின்னால் குழம்புக் கிண்ணத்தோடு நின்றாள். முப்பத்திநாலு வருஷத்துப் பழக்கம். வீட்டில் நான் சாப்பிட்டு எழுந்த பிறகுதான் அவள் தட்டுப் போட்டுக்கொள்வாள். நான் அப்படிச் சொன்னதில்லை. வேண்டாம் என்று சொன்னதும் இல்லை. சொல்தாவின் மனைவி தோளைப் பிடித்து அழுத்தித்தான் அவளை உட்கார வைத்தார். அவள் கையால் பிசைந்து சாப்பிட்டாள், விரலை வழித்தாள், ஒரு ஏப்பம் விட்டாள். அதோடு போயிருந்தால் பரவாயில்லை. எல்லோரும் சாப்பிட்டு முடித்த மறு நிமிஷம் எழுந்து, ஏழு தட்டையும் அடுக்கி, எலும்பையெல்லாம் மேல் தட்டில் வழித்துப் போட்டு, சிந்தியிருந்ததை முந்தானையால் துடைத்துக்கொண்டு, பின்கட்டுக் குழாயடியில் போய்க் குத்த வைத்துவிட்டாள். இன்னொரு பெண்பிள்ளை வீட்டில் சாப்பிட்டுவிட்டுத் தட்டை அவளுக்கு விட்டுவிட்டு வருவது எங்கள் பெண்களுக்கு ஆகாது.

அப்போது அந்த வெள்ளைக்காரர்களில் ஒருவன் என் பக்கம் குனிந்து, அந்த அம்மா இங்கே வேலை செய்பவரா என்று இங்கிலீஷில் கேட்டான். அவன் கெட்ட எண்ணத்தோடு கேட்கவில்லை. எனக்கு அந்த அளவு இங்கிலீஷ் நன்றாகவே புரியும். நான் காது கேளாதவன் போலத் தண்ணீர் குடித்தேன்.

இதை அவளிடம் நான் சொன்னதில்லை. ஆனால் அதன் பிறகு நாலு பேர் கூடும் இடத்துக்கு அவளைக் கூட்டிப்போவதென்றால் எனக்கு ஏதாவது வேலை வந்துவிடும்.

சொல்தா வீட்டிலிருந்து திரும்பி, இரண்டு புத்தகத்தையும் வீட்டில் போட்டுவிட்டு வயலுக்குப் போனேன். சாயங்காலம் வந்து பார்த்தால் பழுப்புப் புத்தகம் போட்ட இடத்திலேயே கிடந்தது. நீலப் புத்தகத்தை அவள் மடியில் வைத்துப் பார்த்துக்கொண்டிருந்தாள். திறந்திருந்தது அந்தச் சாப்பாட்டுக் கூடத்துப் பக்கம். பெரிய வட்ட மேசை, நடுவில் மஞ்சள் பூ வைத்த ஜாடி. சிவப்புக் கவுன் போட்ட நரைத்த தலைக்கார அம்மா ஒருத்தி எதற்கோ சிரித்துக்கொண்டிருந்தாள்.

"இதுல எத்தினி பேருங்க உக்காருவாங்க?"

"எட்டு."

"எல்லாரும் ஒரே நேரத்துலயா?"

"ஆமா."

"அப்ப பரிமார்றவங்க?"

"அவங்க சம்பளத்துக்கு இருக்கறவங்க. அப்பறமா சாப்டுவாங்க."

அவள் படத்தில் இருந்த நாற்காலிகளை விரலால் எண்ணினாள். "அப்ப நானும் உக்காந்துக்கலாம்" என்றாள். அது கேள்வியா பதிலா என்று தெரியாதபடி சொன்னாள். பிறகு, "நீலக் கப்பலு நல்லாக்கீது" என்று சொல்லிவிட்டு எழுந்து போய் அடுப்பைப் பற்ற வைத்தாள்.

முப்பத்திநாலு வருஷத்தில் அவள் எனக்குத் தெரிந்து எதையும் இது வேண்டும் என்று கேட்டதில்லை. புடவைகூட, எடுத்து வந்ததைக் கட்டிக்கொள்வாள். அன்றைக்குக் கேட்டாள். நான் அதைக் கேட்டதாகவே காட்டிக்கொள்ளவில்லை.

மறுநாளிலிருந்து பழுப்புக் கப்பலின் பெருமையை வீட்டில் பாட ஆரம்பித்தேன். அதில் தலையணையே பதினோரு வகை, பட்டியல் கொடுத்து வேண்டியதைக் கேட்பான் என்றேன். "இலவம்பஞ்சு இருக்குதா?" என்றாள். இல்லை. ரூம் பெரிசு, பால்கனியில் காலை நீட்டிப் படுக்கலாம் என்றேன். "சரிங்க." பெரிய கப்பல், அலையில் ஆடாது, உனக்கு வாந்தி வராது என்றேன். நீலத்தை விட அது பெரிசு இல்லை. அப்படி எங்கும் படிக்கவும் இல்லை. அதுதான் முதல் பொய் என்று இப்போது நினைக்கிறேன். "நீங்க பாத்து எது செஞ்சாலும் சரிங்க" என்றாள். நீலப் புத்தகத்தை மட்டும் எடுத்து ஃபிரிட்ஜின் மேல் வைத்தாள். நான் கடந்து போகும்போதெல்லாம் அது அந்த மேசைப் படம் இருந்த பக்கத்திலேயே மடங்கி இருந்தது.

பழுப்புக்குப் பணம் கட்டினேன்.

அதற்கப்புறம் ஒரு படிவம் வந்தது. இந்த மாதிரிக் கப்பல்களில் நாம் ஏறுவதற்கு முன்பே நம் விருப்பமெல்லாம் எழுதிக் கேட்டுவிடுகிறார்கள். காலையில் என்ன குடிப்பீர்கள், எந்தச் சாப்பாடு ஆகாது, இரவுச் சாப்பாட்டுக்கு மற்றவர்களோடு உட்கார விருப்பமா. அந்தக் கேள்வியை இரண்டு முறை படித்தேன். பழுப்பிலும் மேசை இருந்தது! விருப்பப்பட்டவர்கள் போய் உட்காரலாமாம். இல்லை என்று குறி போட்டேன். ஆனால் பட்லர் என்று ஒருவன் தினமும் வந்து, "இன்றைக்கு வருகிறீர்களா அம்மா" என்று அவளையே கேட்டால்? அவள் சட்டென்று தலையாட்டிவிட்டால்?

படிவத்தின் கடைசியில், உடன் வருபவரின் உடல்நிலை பற்றி நாங்கள் தெரிந்துகொள்ள வேண்டியது ஏதாவது உண்டா என்று ஒரு கட்டம் இருந்தது. அதில் என் கையால் எழுதினேன்: மனைவிக்கு இரண்டு முழங்காலும் பழுது. அதிக தூரம் நடக்க முடியாது. மேசையில் நெடுநேரம் உட்கார முடியாது. எல்லா வேளைச் சாப்பாடும் அறையிலேயே கொடுக்கவும்.

நான் இதை எழுதிக்கொண்டிருந்தபோது அவள் வேர்க்கடலை மூட்டையைத் தூக்கிக்கொண்டு மொட்டை மாடிப்படி ஏறிக்கொண்டிருந்தாள். காய வைக்க. நான் பேனாவை மூடிவிட்டு, மடுகரைப் பெண்ணிடம் படிவத்தைக் கொடுக்க பஸ் ஏறினேன். அவள் அதைப் படித்துப் பார்த்து, "அய்யோ, அம்மாவுக்கு முடியாதா சார்?" என்று உண்மையாகவே வருத்தப்பட்டாள்.

"வயசாவுது இல்ல" என்றேன்.

அடுத்த இரண்டு மாதமும் எல்லாம் நல்லபடியாகத்தான் போனது. சிங்கப்பூர் போய் இறங்கி, மறுநாள் துறைமுகத்துக்குப் போனோம். அவள் மாம்பழக் கலர் பட்டுப்புடவை கட்டி, என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு எனக்கு முன்னால் விறுவிறுவென்று நடந்தாள். பழுப்புக் கப்பலின் வரவேற்பு வாசலில் ஒரு சீருடைப் பெண் எங்கள் பெயரைப் பட்டியலில் பார்த்தாள். பார்த்துவிட்டு, மலர்ந்த முகத்தோடு ஒரு சக்கர நாற்காலியைத் தள்ளிக்கொண்டு வந்து என் மனைவிக்குப் பக்கத்தில் நிறுத்தினாள்.

நான் நாற்காலி கேட்டு எழுதவில்லையே. "நோ, நோ, மிஸ்டேக்" என்று சொல்ல வாயைத் திறந்தேன்.

என் மனைவி பைகளைக் கீழே வைத்தாள். புடவைக் கொசுவத்தைச் சரி செய்துகொண்டு நாற்காலியில் உட்கார்ந்தாள். கால்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மிதிபலகையில் வைத்தாள், நிஜமாகவே வலிக்கிற மாதிரி மெதுவாக.

"தள்ளுங்க" என்றாள் என்னைப் பார்க்காமல்.

தள்ளினேன். அவ்வளவு நீளமான சாய்வுப் பாதையில் நான் நடந்ததே இல்லை. வழியில் நின்றவர்கள் எல்லாம் ஒதுங்கி வழிவிட்டார்கள். ஒரு கிழவர் என் தோளைத் தட்டி, நீங்கள் நல்ல கணவர் என்றார்.

அறைக்குள் போய்க் கதவைச் சாத்தியதும் அவள் எழுந்தாள். பையைத் திறந்து துணிகளை அலமாரியில் வைக்க ஆரம்பித்தாள்.

"ஒனக்கு எப்பிடித் தெரியும்?" என்றேன்.

"அந்த மடுகரப் பொண்ணு போன் பண்ணிச்சு. அம்மா, முட்டி முடியாது, மேசைல உக்கார முடியாதுன்னு சார் எளுதியிருக்காரு, சக்கர நாக்காலி வேணுமான்னு கப்பல்காரங்க ஒங்களயே கேட்டுச் சொல்லச் சொல்றாங்கன்னுச்சு."

"நீ இல்லன்னு சொல்லியிருக்கலாமே."

அவள் என் சட்டையை உதறி மாட்டினாள். "எப்பிடிச் சொல்றது? இல்லன்னா, அவரு பொய் எளுதிக் குடுத்தாருன்னு அதுக்குத் தெரிஞ்சிடும். நம்ம பக்கத்துப் பொண்ணு. மடுகரைல போயி சொன்னா ஊரு பூரா ஆவும். பொய்யே சொல்லாதவருன்னு பேரு வாங்கி வெச்சிருக்கீங்க. அதான் வேணும்னு போடும்மான்னுட்டேன்."

நான் குனிந்து செருப்பைக் கழற்றினேன்.

"எதுக்கு எளுதினீங்கன்னு நான் கேக்கல" என்றாள். "சொல்தா அண்ணன் வூட்ல தட்டு களுவிட்டு வந்தனே, அன்னிக்கு வூடு வந்து சேர்ற வரைக்கும் நீங்க ஒரு வார்த்த பேசல. அன்னிலேருந்து தெரியும்."

அழுதிருந்தால்கூடத் தேவலை. அவள் அழவில்லை. கண்ணாடிக் கதவைத் திறந்துகொண்டு பால்கனிக்குப் போய்க் கடலைப் பார்த்தாள்.

முதல் நாள் சாயங்காலமே பட்லர் வெள்ளைத் துணி விரித்து, எங்கள் இரண்டு பேருக்கும் அறையிலேயே மேசை போட்டான். வெட்கம் பிடுங்கித் தின்ன, "வா, பெரிய ஹாலுக்கே போயி சாப்டலாம்" என்றேன்.

"நடந்து வந்தா பாக்கறவன் ஒங்கள இன்னா நெனப்பான்? நாக்காலில வந்தா, மேசைல உக்கார முடியாதுன்னு எளுதினவங்க எப்பிடி உக்காந்துக்கினு கீறாங்கன்னு கேப்பான். வுடுங்க." பட்லர் கிண்ணத்தைத் திறந்ததும், பழக்கதோஷத்தில் கரண்டியை எடுத்து எனக்குப் பரிமாறினாள். பட்லர் பதறிப்போய், தான் செய்வதாகச் சொன்னான். அவளுக்குப் புரியவில்லை. எனக்குப் பரிமாறி முடித்த பிறகுதான் உட்கார்ந்தாள்.

நாலாம் நாள் ஒரு தீர்மானத்தோடு நான் மட்டும் கிளம்பி அந்தச் சாப்பாட்டுக் கூடத்துக்குப் போனேன். உள்ளதைச் சொல்லிவிடுவது, என் மனைவிக்கு ஒரு வியாதியும் இல்லை, நான்தான் பொய் எழுதினேன் என்று சொல்லி இன்று இரவுக்கு ஒரு மேசை கேட்பது. இங்கிலீஷில் இரண்டு வாக்கியத்தை மனப்பாடம் செய்து வைத்திருந்தேன். வாசலில் நின்ற மேலாளர் என்னை அடையாளம் கண்டுகொண்டார். என் கையை இரண்டு கையாலும் பிடித்து, "அம்மாவின் முழங்கால் எப்படி இருக்கிறது?" என்று கேட்டார். அவருக்குப் பின்னால் மேசைகள் தெரிந்தன. எட்டு நாற்காலி மேசை ஒன்றில் இரண்டு காலியாக இருந்தன.

"அப்படியேதான் இருக்கிறது" என்றேன்.

நான்கே நிமிஷத்தில் அறைக்குத் திரும்பிவிட்டேன். எங்கே போனேன் என்று அவள் கேட்கவில்லை. கடைசி நாள் சிங்கப்பூரில் இறங்கும்போது மறுபடியும் நாற்காலி வந்தது. மறுபடியும் உட்கார்ந்தாள், மறுபடியும் தள்ளினேன்.

ஊர் திரும்பிய ஞாயிற்றுக்கிழமை சொல்தாவும் அவர் மனைவியும் எங்கள் வீட்டுக்கு மத்தியானம் சாப்பிட வந்தார்கள். ஆட்டுக்கறிக் குழம்பு. நாங்கள் மூன்று பேரும் உட்கார்ந்திருந்தோம். அவள் நின்று பரிமாறினாள். கூட உட்காரச் சொல்லி சொல்தாவின் மனைவி கூப்பிட்டார். நீங்க சாப்பிடுங்க அண்ணி என்று சொல்லிவிட்டாள். நானும் கூப்பிட்டிருக்கலாம். அவர்கள் முன்னால் திடீரென்று கூப்பிட்டால் வித்தியாசமாக இருக்குமோ என்று பேசாமல் இருந்தேன்.

"இன்னா தங்கச்சி, மேச எப்பிடி? நீயும் உக்காந்து சாப்ட்டியா?" என்றார் சொல்தா. நாங்கள் போனது பழுப்பில் என்று அவருக்குத் தெரியும். ஆனால் அதிலும் மேசை உண்டே.

நான் சோற்றைப் பிசைந்துகொண்டே இருந்தேன்.

"உக்காராம? எட்டுப் பேருண்ணா" என்றாள் அவள், கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே. "வட்ட மேச. நடுவுல ஜாடில மஞ்சப் பூவு. எனக்கு நேரா ஒரு வெள்ளக்காரம்மா, தல பூரா நரச்சிப் போச்சு, செவப்புக் கவுனு போட்டிருந்திச்சு. எதச் சொன்னாலும் சிரிக்குது. பாஷ புரியலன்னாலும் நானும் கூடச் சிரிச்சேன். எல்லாரும் ஒரே நேரத்துலதான் சாப்ட்டோம். அவருக்குப் பக்கத்துல நானு."

அவள் தலைக்குப் பின்னால் ஃபிரிட்ஜின் மேல் அந்த நீலப் புத்தகம் இன்னும் இருந்தது.

சொல்தா என் பக்கம் திரும்பிக் கண்ணைச் சிமிட்டினார். "மெய்யாவாபா? நீ சொல்லு, ஒன் வாயால சொன்னாத்தான் நம்புவேன்."

அவள் என்னைப் பார்த்தாள். கப்பலில் ஏழு நாளும் பார்க்காதவள், அப்போது பார்த்தாள்.

"ஆமாண்ணா" என்றேன்.

அவள் எனக்கு இன்னொரு கரண்டி குழம்பு ஊற்றினாள். நாங்கள் சாப்பிட்டுக் கை கழுவியதும் மூன்று தட்டையும் அடுக்கி எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். எழுந்து போய் அவள் கையிலிருந்து அதை வாங்கியிருக்கலாம். நான் உட்கார்ந்துதான் இருந்தேன்.